பிள்ளையார் காலடியில் மூன்று சீட்டு

விஷாகா படித்தது யாருக்கும் வேண்டாத வரலாறு. டெக்சாஸில் தமிழர் வீட்டு விருந்துகளில் "நீங்க என்ன ஃபீல்டு?" என்று கேட்பவர்களிடம் "பைசாந்தியம்" என்றால், ஏதோ புது சாஃப்ட்வேர் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு, "ரிமோட்டா, ஆபீஸ் போகணுமா?" என்பார்கள். முதலில் இரண்டு மூன்று வருடம் பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். ரோமப் பேரரசு மேற்கே விழுந்த பிறகும் கிழக்கே கான்ஸ்டான்டினோபிளில் ஆயிரம் வருடம் தாக்குப்பிடித்தது, அந்த ஊரில் கன்னியர் மடங்கள் இருந்தன, அந்த மடங்கள் எப்படி நடந்தன என்பதுதான் தன் ஆராய்ச்சி என்பாள். கேட்பவர் கண் அதற்குள் பிரியாணிப் பாத்திரத்துக்குப் போயிருக்கும். அப்புறம் "டீச்சிங்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள்.

டீச்சிங் என்பதும் பெயருக்குத்தான். அவர்கள் குடியிருந்த ஆலன் என்ற ஊரிலிருந்து அரைமணி நேரம் கார் ஓட்டிப் போகிற ஒரு கல்லூரியில் ஒன்பது வருடமாக ஒப்பந்த ஆசிரியை. ஒவ்வொரு பருவமும் முடியும்போது, அடுத்த பருவத்துக்கு வகுப்பு உண்டா இல்லையா என்று ஈமெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். தனக்கென்று ஒரு அறை கிடையாது. மாணவர்களைச் சந்திப்பது நூலகத்தின் மூலையில். ஆனாலும் வகுப்பில் நின்றுவிட்டால் அவள் வேறு ஆள். ஆயில் கம்பெனி வேலைக்கும் நர்ஸிங்குக்கும் போகப்போகிற பிள்ளைகள், கட்டாயப் பாடமாயிற்றே என்று வந்து உட்கார்ந்தவர்கள், அவள் பேச ஆரம்பித்தால் போனைக் கவிழ்த்து வைப்பார்கள்.

அவர்களுக்கு மிகவும் பிடித்தது சீட்டுப் பாடம். சில மடங்களில் தலைவி இறந்துபோனால் அடுத்த தலைவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று, மடத்தைக் கட்டிய சீமாட்டி சாசனம் எழுதி வைத்திருப்பாள். துறவிகள் கூடி மூன்று பேரைச் சொல்ல வேண்டும். மூன்று பெயரையும் மூன்று சீட்டில், ஒரே அளவில், ஒரே மாதிரி எழுதி முத்திரை வைத்து, கோயில் பலிபீடத்தின் மேல் வைத்துவிட வேண்டும். இரவு முழுக்க விழித்திருந்து ஜெபம். காலையில் பூசை முடிந்ததும் பாதிரியார் ஒரு சீட்டை எடுப்பார். அதில் யார் பெயரோ அவள்தான் தலைவி. மனிதர்கள் மூன்று வரைக்கும் கொண்டுவருவார்கள், மூன்றிலிருந்து ஒன்று கடவுள் வேலை.

ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பையனோ பெண்ணோ கையைத் தூக்கி, இதில் யாரும் ஏமாற்றவில்லையா என்று கேட்பார்கள். விஷாகாவிடம் பதில் தயாராக இருக்கும். முத்திரை எதற்கு வைத்தார்கள், ஆள் மனசு அவர்களுக்குத் தெரியும் என்பதால்தான். ஆனால் பலிபீடத்தில் வைத்த சீட்டில் கைவைக்க, கடவுள்மேல் நம்பிக்கையே இல்லாதவனால்தான் முடியும். நம்புகிறவன் பயப்படுவான். இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும், என்னவோ அந்தக் காலத்து மனிதர்களெல்லாம் அவள் பிறந்த வீட்டு ஆட்கள் மாதிரி.

போன வருடம் ஏப்ரலில் அந்தக் கல்லூரி அவளுக்கு நிரந்தர வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியது. அதே வாரம் அவள் கணவன் முகுந்துக்கு, சிப் டிசைன் செய்கிற அவன் கம்பெனி, சான் ஹோசேயில் டைரக்டர் பதவி தருவதாகச் சொன்னது. சந்தோஷச் செய்தி இரண்டு ஒரே வாரத்தில் வந்தால் அந்த வீட்டில் சண்டைதான் வரும் போலிருக்கிறது. மூன்று வாரம் சண்டை. கத்திப் போடுகிற சண்டைகூட இல்லை, பாத்திரம் தேய்க்கும்போது அரைவார்த்தை, கார் ஓட்டும்போது அரைவார்த்தை. கொஞ்ச நாள் அவன் அங்கே, அவள் இங்கே என்று இருக்கலாமே என்று அவள் கேட்டுப் பார்த்தாள். முகுந்த் ஒப்புக்கொள்ளவில்லை. பதிமூன்று வயது மகள் மானஸாவை வைத்துக்கொண்டு இரண்டு வீடா, அது குடும்பமா, கேம்ப்பா என்றான்.

ஒரு சனிக்கிழமை காலை, தோசை வார்த்துக்கொண்டிருந்த அவள் பக்கத்தில் வந்து நின்று அவனே ஆரம்பித்தான்.

"விஷு, நாம ரெண்டு பேரும் இதுல ஸ்டக் ஆயிட்டோம். நீ கிளாஸ்ல சொல்லுவியே, அந்த கன்னியர் மடத்துல சீட்டு போடறது. அது மாதிரி பண்ணிடலாமா?"

அவள் தோசைத் திருப்பியோடு திரும்பிப் பார்த்தாள்.

"மூணு வேணுமே" என்றாள்.

"நியூ ஜெர்சிய போட்டுக்கலாம். அங்கயும் எங்க ஆபீஸ் இருக்கு. உனக்கும் அந்தப் பக்கம் பெரிய லைப்ரரி எல்லாம் இருக்குன்னு சொல்லுவல்ல? யாருக்கும் முழுசா புடிக்காத ஊர். மூணாவது சீட்டுக்கு சரியா இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதினாறு வருடக் கல்யாணத்தில், தான் ராப்பகலாகப் புலம்பிய பாடத்தை இவன் காதில் வாங்கியிருக்கிறான். வேலை கிடைப்பதைவிட அது பெரிதாகத் தெரிந்தது அவளுக்கு. தோசை ஒருபக்கம் தீய்ந்தது. தீய்ந்ததை அவனே எடுத்துச் சாப்பிட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆலன் பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பினார்கள். முன்னொரு காலத்தில் கார்பெட் கடையாக இருந்த கட்டடம் அது. அவள் தலைக்குக் குளித்துவிட்டு வருவதற்குள் முகுந்த் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூன்று சீட்டையும் எழுதி, மடித்து, தட்டில் வைத்திருந்தான். ஒரே அளவு. ஒரே மாதிரி மடிப்பு. சாசனத்தில் சொன்ன மாதிரியே.

"செக் பண்ணிக்கறியா?" என்றான்.

"எதுக்கு?" என்றாள் அவள். ஈரத் தலையைத் துவட்டியபடியே சொன்னாள். முத்திரையைப் பற்றி ஒன்பது வருடம் வகுப்பெடுத்தவள். முத்திரை ஏன் வைத்தார்கள் என்பதற்கு இருபது பக்கம் கட்டுரை எழுதியவள். ஊரான் எழுதியிருந்தால் பிரித்துப் பார்த்திருப்பாளோ என்னவோ. எழுதியவன் புருஷன்.

கோயிலில் சபரி குருக்களிடம் விவரம் சொன்னபோது அவர், நம்மூரில்கூட திருவுளச் சீட்டு உண்டே, இது என்ன புதுசு என்றார். சீட்டுகளைப் பிள்ளையார் காலடியில் வைத்து அர்ச்சனை செய்தார். முந்தின நாளே முகுந்திடம் சொல்லிவைத்த ஒன்றை மட்டும் விஷாகா கேட்டுக்கொண்டாள். எடுத்த சீட்டைத்தான் படிக்க வேண்டும், மற்ற இரண்டையும் பிரிக்காமலே ஹோமத்தில் போட்டுவிட வேண்டும். இது எந்தச் சாசனத்திலும் இல்லை. அவளாகச் சேர்த்தது. கடவுள் ஒன்றைக் கொடுத்த பிறகு, கொடுக்காததைப் பிரித்துப் பார்ப்பது அவநம்பிக்கை என்று அவளுக்குத் தோன்றியது.

"இன்னிக்கு ஹோமம் கெடையாது மாமி. மழையே இல்லன்னு கவுன்ட்டி கவர்மென்ட் நெருப்பு மூட்டக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கு. ரெண்டையும் பகவான் பீடத்துக்கு அடியிலயே வெச்சுடறேன். அடுத்த ஹோமத்துல சேத்துடலாம்" என்றார் குருக்கள். முகுந்த் அப்போது செருப்பு வைக்கிற இடத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்.

அவன் வந்த பிறகு குருக்கள் கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். சான் ஹோசே.

காரில் ஏறி உட்கார்ந்ததும் விஷாகா அழுதாள். முகுந்த் அவள் தோளைத் தொட்டு, "விஷு, உனக்கு ஓகே இல்லன்னா வேணாம். இன்னொரு வாட்டி யோசிக்கலாம்" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டாச்சு. கேட்டுட்டு மாட்டேன்னா அது கேட்டதே இல்ல" என்றாள். சொன்னபடியே திங்கட்கிழமை கல்லூரிக்கு எழுதிவிட்டாள். துறைத்தலைவி இரண்டு முறை போன் செய்து, நன்றாக யோசித்தீர்களா என்று கேட்டாள். யோசித்தது நானில்லை என்று அந்த அம்மாளுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஜூலையில் சான் ஹோசே வந்தார்கள். முகுந்துக்குப் பதவி, மானஸாவுக்குப் புதுப் பள்ளிக்கூடம், விஷாகாவுக்கு அடுக்களை ஜன்னல் வழியே தெரிகிற ஒரு எலுமிச்சை மரம். சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டாள். பைசாந்தியம் யாருக்கும் தேவைப்படவில்லை. வீட்டிலிருந்து ஆன்லைனில் யாருடைய கட்டுரைகளையோ திருத்திக் கொடுத்தாள். ஆனாலும் அவள் வாடிப்போகவில்லை, அதுதான் ஆச்சரியம். அந்தச் சீட்டை ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, பூஜை அலமாரியில் பிள்ளையார் பக்கத்தில் வைத்திருந்தாள். தினமும் விளக்கேற்றி, அதற்கும் ஒரு பொட்டுக் குங்குமம் வைப்பாள். மனம் கலங்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அது போதும் என்று சொல்லிக்கொள்வாள். பதினைந்து மாதம் அப்படித்தான் ஓட்டினாள்.

இந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சபரி குருக்களிடமிருந்து போன் வந்தது.

"மாமி, சௌக்கியமா? இங்க கோயில்ல திருப்பணி ஆரம்பிக்கறோம். பகவான தற்காலிகமா பக்கத்து ரூமுக்கு மாத்தறோம். பீடத்த நகத்தினா அடியில உங்க சீட்டு ரெண்டும் அப்படியே இருக்கு. நானும் அடுத்த ஹோமம் அடுத்த ஹோமம்னு மறந்தே போயிட்டேன். மன்னிச்சுக்கோங்கோ."

"பரவால்ல மாமா. இப்ப போட்டுடுங்கோ."

"அதுக்குத்தான் கேக்கறேன். யாரோட பிரார்த்தனைச் சீட்டோன்னு பிரிச்சுட்டேன். அப்பறம்தான் உங்களோடதுன்னு ஞாபகம் வந்தது. மூணுலயும் ஒரே ஊர் பேரையே எழுதியிருந்தேளே, அந்த ஊருக்குப் போக அவ்ளோ ஆசையான்னு நெனச்சுண்டேன். பகவான் நடத்திக் குடுத்துட்டார் பாருங்கோ. பிரார்த்தனை நிறைவேறின சீட்டுன்னா ஹோமத்துல போடறதா, தண்ணில விடறதா? அதான் கேட்டுக்கலாம்னு."

போன் கட்டாகிவிட்டதோ என்று குருக்கள் இரண்டு முறை ஹலோ சொன்னார். விஷாகா மெதுவாக, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.

போட்டோ வந்தது. எவர்சில்வர் தட்டில் மஞ்சள் கறை படிந்த இரண்டு காகிதம். இரண்டிலும் சான் ஹோசே. முகுந்தின் கையெழுத்து, நிதானமான, அழகான, கொஞ்சமும் நடுங்காத கையெழுத்து. அவள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நடுங்கியிருந்தால்கூட ஒருவேளை மன்னித்திருப்பாள்.

முகுந்த் பின்பக்கம் புல்லுக்குத் தண்ணீர் விடுகிற குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் போய் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் பார்த்தான். குழாயைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொள்ளத் துணி தேடினான். அவன் மறுக்கவில்லை. அதற்காக அவனைப் பாராட்டலாம் என்றால் பாராட்டிக்கொள்ளுங்கள்.

"சொல்லணும்னு இருந்தேன்" என்றான்.

"எப்ப?"

"உனக்கு இங்க ஒரு நல்ல ஜாப் கெடைச்சதும்."

"அது கெடைக்கலன்னா?"

அவன் எலுமிச்சை மரத்தைப் பார்த்தான். பிறகு அவசரமாகப் பேச ஆரம்பித்தான். மானஸாவுக்கு இந்த ஸ்கூல் எவ்வளவு செட் ஆகியிருக்கிறது, ஆலனில் இவன் குரூப்பையே அந்த டிசம்பரில் மூடிவிட்டார்கள், அங்கேயே இருந்திருந்தால் வேலை போயிருக்கும், கிரீன் கார்டு என்னவாகியிருக்கும். எல்லாம் உண்மைதான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். மூச்சு வாங்க அவன் நிறுத்தியபோது சொன்னாள்.

"நீ ஸ்ட்ரெய்ட்டா சொல்லியிருக்கலாம் முகுந்த். 'எனக்காக வா'ன்னு கேட்டிருக்கலாம். அழுதுட்டே வந்திருப்பேன், ஆனா வந்திருப்பேன். சண்டை போட்டு, தோத்து, வந்திருப்பேன். நீ என்னைத் தோக்கக்கூட விடல."

"விஷு…"

"பதினஞ்சு மாசமா தினமும் குளிச்சு, வெளக்கேத்தி, நான் உன் ஹேண்ட்ரைட்டிங்க கும்பிட்டுட்டு இருந்திருக்கேன். நீ காபி கப்ப வெச்சுக்கிட்டு அத பாத்துட்டு நின்னுட்டு இருந்த. எத்தன நாள் நின்ன?"

அவன் முகம் அப்போதுதான் உடைந்தது. புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"உனக்கு சாமில நம்பிக்கையே இல்லயா? அப்ப கோவிலுக்கு வந்து என் பக்கத்துல கைகூப்பிக்கிட்டு நின்னதெல்லாம் எனக்காகவா?"

முகுந்த் தலை நிமிர்ந்தான். இந்தக் கேள்வி அவனை உண்மையாகவே ஆச்சரியப்படுத்தியது.

"நம்பிக்கை இல்லன்னா எதுக்கு மூணுலயும் எழுதறேன்? மூணு ஊரையும் எழுதிட்டு, வர்றது வரட்டும்னு போயிருப்பேனே. ஒன் இன் த்ரீ தான? வேற சீட்டு வந்தா, சும்மா பேப்பர்தானன்னு சொல்லி மறுபடியும் உங்கிட்ட ஆர்க்யூ பண்ணியிருப்பேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "எனக்குப் பயமா இருந்துச்சு விஷு. மொதல் சீட்டுல சான் ஹோசே எழுதிட்டேன். ரெண்டாவதுல ஆலன்னு எழுதப் போனேன். கை போகல. பிள்ளையார் ஆலனத்தான் குடுப்பார்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சுது. ஒன்பது வருஷம் நீ பட்டது எனக்குத் தெரியாதா? குடுத்துட்டா நான் மீற முடியுமா?"

விஷாகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருடம் வகுப்பில் நின்று தவறான பதில் சொல்லியிருக்கிறாள். சீட்டில் கைவைக்கிறவன் நம்பாதவன் இல்லை. நம்பாதவனுக்கு அந்தச் சிரமமே வேண்டாம். எந்தப் பதில் வரும் என்று நன்றாகத் தெரிந்தவன், அது வந்துவிடக் கூடாதே என்று பயந்தவன், அவன்தான் கைவைப்பான். நியாயம் அவள் பக்கம் என்று தெரிந்தேதான் இவன் எழுதியிருக்கிறான். கடவுளின் வாயைப் பொத்திவிட்டு, அவள் முன்னால் கடவுள் குரலில் பேசியிருக்கிறான். தெரியாமல் செய்திருந்தால் அது வேறு கதை. அவளுக்கு வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு.

திங்கட்கிழமை பழைய துறைத்தலைவிக்குப் போன் செய்தாள். அந்த நிரந்தர வேலையில் அமெரிக்க உள்நாட்டுப் போர் படித்த ஒருவர் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. வேண்டுமானால் ஜனவரியில் இரண்டு வகுப்பு தர முடியும், பழையபடி ஒப்பந்தத்தில், அடுத்த பருவம் நிச்சயமில்லை என்றாள் அந்த அம்மாள், சங்கடப்பட்டுக்கொண்டே. விஷாகா வருகிறேன் என்றாள். யாரையும் கேட்கவில்லை.

முகுந்த் அடுத்த இரண்டு மாதம் எல்லா வழியிலும் பேசிப் பார்த்தான். இரண்டே இரண்டு கிளாஸுக்காகக் குடும்பத்தை விட்டுவிட்டுப் போவதா என்றான். கவுன்சலிங் போகலாம் என்றான். தன் வேலையை விட்டுவிடுகிறேன் என்றுகூட ஒருநாள் சொன்னான், மறுநாள் அதைப் பற்றிப் பேசவில்லை. மானஸாவிடம் விஷாகா எதையும் மறைக்கவில்லை. மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஸ்கூல் இயர் முடிந்ததும் ஜூனில் நானும் வருகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். அப்பாவோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேச ஆரம்பித்துவிட்டாள். அது மகளின் சௌகரியம், அவளுக்கு அது இருக்கட்டும் என்று விஷாகா விட்டுவிட்டாள். சட்டத்திலிருந்த சீட்டை எப்போதோ எடுத்துக் குப்பையில் போட்டாயிற்று.

ஜனவரி மூன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு டாக்ஸி வந்தது. ஏர்போர்ட்டுக்கு நான் டிரைவ் பண்றேன் என்று முகுந்த் சாவியோடு நின்றிருந்தான். வேண்டாம் என்றாள். அவன் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போய் டாக்ஸியில் வைத்தான். மானஸா அவளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ஊருக்குக் கிளம்பும்போது சாமி முன்னால் நின்று, போய்விட்டு வருகிறேன், துணைக்கு வா என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவது விஷாகாவின் பழக்கம். கால் தானாகப் பூஜை அலமாரிக்குப் போயிற்று. கையும் கூப்பிக்கொண்டது. அதற்கு மேல் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. கேட்டால் ஏதாவது பதில் வரும், அந்தப் பதிலை எழுதியது யார் என்று இனிமேல் ஒவ்வொரு முறையும் சந்தேகமாக இருக்கும். புருஷனை விட்டுப் போவது அவளுக்கு இரண்டு மாதமாகப் பழகிவிட்ட துக்கம். இது புதிது. கூப்பிய கையைப் பிரித்துக்கொண்டு, பிள்ளையாரிடம் சொல்லாமலே போய் டாக்ஸியில் ஏறினாள்.